அரக்குத் தட்டும் அழியாக் குரலும்

பாடிய குரல் காற்றோடு கலந்து மறைவதே இயற்கையின் நியதி. பாட்டை ஏட்டில் எழுதி வைக்கலாம். பாடியவரின் குரலை எழுதி வைக்க இயலாது என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையை மாற்றியவர் அமெரிக்க நாட்டு விஞ்ஞானி தாமஸ் ஆல்வா எடிசன். 1877-ஆம் ஆண்டில் அவர் அமைத்த போனோகிராப் என்னும் கருவி, ஓர் உருளையின்மேல் சுற்றிய மெல்லிய வெள்ளீயத் தகட்டில் ஊசியால் ஒலியைக் கீறி, அதே கீறலிலிருந்து அவ்வொலியைத் திரும்பவும் எழுப்பிற்று.

எடிசனின் உருளையில் ஒரு குறை இருந்தது. ஒரே பாட்டை ஆயிரம் பேருக்கு அளிக்க வேண்டுமாயின், ஒன்றைப் பார்த்து ஒன்றாக ஆயிரம் படிகளை எளிதில் வார்க்க அந்நாளில் வழி இல்லை. இக்குறையைப் போக்கியவர், ஜெர்மனியில் ஹானோவர் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர். 1887-ஆம் ஆண்டில் அவர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத் தகட்டைக் கைக்கொண்டார். தட்டையான பொருளுக்கு உலோகத்தில் அச்சு எடுக்கலாம். அவ்வச்சைக் கொண்டு வேறு பொருளில் எண்ணற்ற படிகளை அழுத்தி எடுக்கலாம். அச்சுக்கூடம் நூலுக்குச் செய்த உதவியைப் பெர்லினரின் தட்டு குரலுக்குச் செய்தது.

இத்தொழிலின் உள்ளே புகுந்து பார்ப்பவர்க்கு ஒரு விந்தை புலப்படும். பாடகர் முன் முதன்முதலாக ஒலி பதிந்த பொருள் எதுவோ, அது பெரும்பாலும் எஞ்சுவதில்லை. அதிலிருந்து உலோக அச்சு எடுக்கும்போதே அது சிதைந்துவிடுகிறது. அந்த அச்சும் பல தட்டுகளை அழுத்திய பின் தேய்ந்து உருக்கப்படுகிறது. முடிவில் வாழ்வது, கடையில் விலை கொடுத்து வாங்கியவர் இல்லத்தில் உள்ள படி ஒன்றே. மூலம் அழிந்து படி வாழும் இவ்வரலாறு எங்ஙனம் நிகழ்ந்தது, அதில் நம் நாட்டுக்கும் தமிழிசைக்கும் உரிய பங்கு யாது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

காட்டில் பிறந்த மூலப்பொருள்

பெர்லினர் தம் தட்டுகளை முதலில் கடினமாக்கிய ரப்பரில் அழுத்திப் பார்த்தார். அவை வளைந்தன, ஒலியும் சீராக அமையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், பொத்தான்கள் செய்யும் தொழிலில் வழங்கி வந்த ஒரு கலவை அவர் கவனத்துக்கு வந்தது. சூட்டில் இளகி, அச்சின் நுண்ணிய வரிகள் எல்லாவற்றையும் ஏற்று, குளிர்ந்தவுடன் கல்லைப்போல் இறுகும் பொருள் அது. அதில் சேர்ந்திருந்த உயிர்நாடியான சரக்கு இந்தியாவிலிருந்து சென்ற அவலரக்கு.

அரக்கு தமிழர்க்குப் புதிய பொருள் அன்று. பாண்டவரை எரிக்கக் கௌரவர் சமைத்த மாளிகை முதல், அஞ்சலகத்தில் பொட்டலத்தின்மேல் வைக்கும் முத்திரை வரை நாம் அறிந்த பொருளே. பலாச மரம், இலந்தை மரம், குசும்ப மரம் முதலியவற்றின் இளங்கிளைகளில் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும் நுண்ணிய பூச்சிகள், தம் உடலைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினே அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளும் அவற்றை அடுத்த வங்கப் பகுதிகளும் இதன் தாயகம். இன்றைய ஜார்க்கண்டு மாநிலத்தில், ராஞ்சி நகரை அடுத்த நாம்குமில், 1924-ஆம் ஆண்டிலேயே அரக்கு ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் நிறுவப்பட்டது.

காட்டில் வாழும் மக்கள் கிளையோடு வெட்டிக் கொணரும் சரக்கு கொம்பரக்கு. அதைச் சுரண்டி, நசுக்கி, சாயம் போகக் கழுவி, உலர்த்தி, நீண்ட துணிப்பையில் இட்டுக் கரியடுப்பின் முன் வாட்டுவர். பையை முறுக்க முறுக்க, உருகிய பிசின் துணியின் இழை வழியே கசியும். அதை வழித்தெடுத்து, ஒரு தொழிலாளி தம் கைகளாலும் கால்களாலும் பல்லாலும் பற்றி நாற்புறமும் இழுத்து மெல்லிய தாளாக விரிப்பார். ஆறியபின் அது உடைந்து அவல்போல் சில்லுகளாகும்; அதனாலேயே அவலரக்கு என்னும் பெயர் வந்தது. இச்சரக்கு உலகெங்கும் ஏற்றுமதியான பெருந்துறை கல்கத்தா.

ஹானோவருக்குச் சென்று திரும்பிய பாட்டு

1902-ஆம் ஆண்டின் இறுதியில், லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்தார். அவர் பதிந்த கலைஞருள் புகழ்மிக்கவர் கௌஹர் ஜான். பெரியதொரு தகரக் கூம்பின் வாயருகில் முகத்தை வைத்து உரக்கப் பாட வேண்டும்; கூம்பின் மறுமுனையில் உள்ள மெல்லிய சவ்வு அதிர, அதனோடு இணைந்த ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் கீறிச் செல்லும். மின்சாரத்தின் உதவி சிறிதும் இல்லை. ஒரு பக்கத்துக்குக் கிடைத்த நேரம் மூன்று நிமிடம் அளவே.

பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவித்ததை அப்பழைய தட்டுகளில் இன்றும் கேட்கலாம். மெழுகுத் தட்டுகள் கப்பலேறி, ஜெர்மனியில் ஹானோவர் நகரத் தொழிற்சாலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அங்கே உள்ள தொழிலாளர்க்கு இந்திய மொழி தெரியாது. எந்தப் பாட்டு எவருடையது என்று அறிந்து உரிய லேபிளை வைப்பதற்கு இந்த அறிவிப்புத் துணை செய்தது என்பர். கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து அரக்கு ஹானோவருக்குப் போயிற்று. அதே துறைமுகத்திலிருந்து மெழுகில் பதிந்த குரலும் போயிற்று. இரண்டும் அங்கே ஒன்றாகி, இசைத்தட்டு என்னும் வடிவில் மீண்டும் கல்கத்தாவுக்கே விற்பனைக்கு வந்தன.

அடுத்த சில ஆண்டுகளில் இப்பதிவாளர் குழுக்கள் சென்னைக்கும் வந்தன. சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி ஆகியோரின் குரல்கள் இந்நூற்றாண்டைத் தாண்டி நமக்குக் கிடைப்பது அக்குழுக்களின் மெழுகுத் தட்டுகளால்தான். சபையில் பெண்கள் பாடுவதற்குப் பல தடைகள் இருந்த காலத்தில், அவர்களது கலையை வீடுதோறும் கொண்டு சென்ற பெருமை இசைத்தட்டுக்கு உண்டு.

ஒரு தட்டு பதிவாகிக் கடைக்கு வரப் பல மாதங்கள் ஆயின, கப்பற்கூலியும் கூடிற்று. அரக்கோ இங்கேயே மலிந்து கிடந்தது. ஆகவே கிராமபோன் கம்பெனி கல்கத்தாவில் சியால்தா பகுதியில் ஒரு தொழிற்சாலையை நிறுவிற்று. 1908-ஆம் ஆண்டில் அங்கே தட்டுகள் அழுத்தப்படத் தொடங்கின. 1920-களின் இறுதியில் நகரின் வடகோடியிலுள்ள டம்டம் என்னுமிடத்தில் அதனினும் பெரிய தொழிற்சாலை எழுந்தது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு இந்தியாவில் இசைத்தட்டு என்றால் டம்டம் என்பதே நிலை.

அரக்குத் தட்டு உருவான விதம்

அக்காலத் தொழிற்சாலையில் நிகழ்ந்ததைப் படிப்படியாகக் காண்போம். சென்னையில் பதிந்த மெழுகுத் தட்டு, ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட பயணத்தைக் கடந்து கல்கத்தா சேர வேண்டும். வெப்பம் தாக்கினால் மெழுகு இளகும். குலுங்கினால் வரி சிதையும். பத்திரமாக வந்து சேர்ந்த மெழுகின்மேல் நுண்ணிய கிராபைட்டுத் தூளைப் பூசுவர். மெழுகின் வழியே மின்சாரம் பாயாது. தூளின் வழியே பாயும். பிறகு அதைத் தாமிரக் கரைசல் நிறைந்த தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரத்தைச் செலுத்தினால், தாமிரம் துகள் துகளாக வந்து வரிகளின்மேல் படிந்து கெட்டியாகும். அதைப் பிரித்தெடுத்தால், பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் மாறிய எதிர்வடிவம் ஒன்று கிடைக்கும். அந்நேரத்திலேயே மெழுகின் வேலை முடிந்தது. அதன் மேற்பரப்பைச் சீவி மட்டமாக்கி, அடுத்த பாடகருக்கு எடுத்து வைப்பர்.

இந்த முதல் உலோக வடிவத்தைத் தந்தை என்பர். அதிலிருந்து மீண்டும் மின்முலாம் முறையால் ஒரு நேர்வடிவம் எடுப்பர், அது தாய். தாயிலிருந்து மறுபடியும் எதிர்வடிவங்கள் பல எடுப்பர். அவையே தட்டுகளை அழுத்தும் அச்சுத் தகடுகள். அச்சுத் தகடு தேய்ந்தால் தாயிடமிருந்து மற்றொன்று எடுத்துக்கொள்ளலாம். தாய் உள்ளவரை அப்பாட்டுக்கு அழிவில்லை. இத்தொழிலின் மொழியில் தாய் என்னும் சொல் எத்துணைப் பொருத்தமாக அமைந்தது!

மறுபுறத்தில் கலவை தயாராகும். அரக்கு அதில் ஒரு பகுதியே; பெரும்பகுதி பலகைக்கல்லைப் பொடித்த மாவு. கருமைக்குப் புகைக்கரியும், பிணைப்புக்குப் பஞ்சு இழையும் சேர்ப்பர். சூடேற்றிய உருளைகளுக்கிடையே இதைப் பிசைந்து, தகடாக இழுத்து, துண்டுகளாக வெட்டி வைப்பர். ஆலையில் அத்துண்டுக்குப் பிஸ்கோத்து என்றே பெயர். அழுத்தும் யந்திரத்தின் மேலும் கீழும் அச்சுத் தகடுகள் பொருந்தியிருக்கும். லேபிள் ஒன்றைத் தலைகீழாகக் கீழே வைத்து, சூட்டு மேடையில் இளகிய கலவையை அதன்மேல் இட்டு, மற்றொரு லேபிளை மேலே வைத்து, தொழிலாளி யந்திரத்தை மூடுவார். நீராவியால் சூடு, பின் குளிர்நீரால் தணிவு, திறந்தால் தட்டு. விளிம்பில் பிதுங்கியதைத் தேய்த்து நீக்கினால் அது விற்பனைக்கு ஆயத்தம்.

கலவையில் கல்மாவு ஏன் என்று நேயர்கள் வினவலாம். அதற்கும் காரணம் உண்டு. கிராமபோன் பெட்டியின் எஃகு ஊசி, தட்டு சுழலத் தொடங்கியவுடன் அக்கல்மாவில் சிறிது தேய்ந்து, பள்ளத்தின் வடிவுக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும். ஊசி தேயாவிடில் தட்டு தேயும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாற்ற வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் கண்டித்ததன் பொருள் இதுவே. பழைய தட்டில் பாட்டோடு கூடக் கேட்கும் இரைச்சலும் அக்கல்மாவின் குரல்தான்.

மூன்று நிமிடத்துக்குள் ஒரு கலை

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டில், ஒரு பக்கத்தின் வரி ஏறக்குறைய 125 மீட்டர் நீளமே செல்லும். அதற்குள் ஒரு கீர்த்தனை முடிய வேண்டும். மணிக்கணக்கில் ராக ஆலாபனை செய்து பழகிய வித்துவானுக்கு இது கடும் சோதனை. ஆயினும் நம் கலைஞர்கள் அதையும் ஒரு கலையாக்கினர். சில நொடிகளில் ராகத்தின் உருவைக் காட்டுவதும், பல்லவி, அனுபல்லவி, சரணத்தைச் செறிவாகப் பாடி முடிப்பதும் இசைத்தட்டு கற்பித்த சிக்கனம்.

1925-ஆம் ஆண்டில் மேல்நாட்டில் மின்சார ஒலிப்பதிவு வழக்கத்துக்கு வந்து, விரைவில் இந்தியாவையும் அடைந்தது. கூம்பின் இடத்தில் ஒலிவாங்கி நின்றது. கத்திப் பாட வேண்டிய தேவை நீங்கிற்று. மெல்லிய குரலின் குழைவும் மிருதங்கத்தின் நாதமும் தட்டில் ஏறின. 1926-ஆம் ஆண்டில், தம் பத்தாம் வயதில், மதுரையைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி முதல் தட்டைப் பாடினார். பின்னாளில் உலகம் அவரை எம். எஸ். சுப்புலட்சுமி என்று அறிந்தது. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் நாடகப் பாடல்கள் சிற்றூர்கள் வரை பரவின. முழு நாடகமும் பல தட்டுகள் கொண்ட ஒரு தொகுதியாக வெளிவந்தது. 1930-களில் சென்னையில் ஏ. வி. மெய்யப்பனாரின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை வெளியிட்டுப் புகழ் பெற்றது, ஏவி. எம். படநிறுவனத்துக்கு முன்னோடி அந்த இசைத்தட்டு வாணிகமே.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இதில் தனியானதொரு பொருள் உண்டு. பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் ஜாம்ஷெட்பூருக்கும் வேலை தேடிச் சென்றவர், தமிழ்க் குரல் கேளாத ஊரில் தம் பெட்டியிலிருந்து தமிழ் கேட்டார். அக்குரல் பதிந்தது சென்னையில். அது தாங்கிய அரக்கு ஜார்க்கண்டுக் காட்டில். அதற்கு உருக்கொடுத்த கைகள் வங்காளத்தில். தமிழ் எழுதிய லேபிளின் ஓரத்தில் கல்கத்தா என்னும் பெயரும் நின்றது. தமிழ் படிக்கத் தெரியாத டம்டம் தொழிலாளி ஒருவர் லேபிளைப் பிழையின்றிப் பொருத்தி அழுத்தியதால்தான், பிறமொழி ஊரில் வாழ்ந்த தமிழர் தம் தாய்மொழியைக் கேட்டார்.

அரக்கை வென்ற வினைல்

இரண்டாம் உலகப் போர் அரக்குக்கு முதல் அடியைக் கொடுத்தது. கப்பற்பாதைகள் ஆபத்துக்குள்ளாயின, கிடைத்த சரக்கு போர்த் தேவைக்கும் வேண்டியிருந்தது. 1942-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க அரசு, தட்டுத் தொழிலுக்கு அளித்த அரக்கை 70 சதவீதம் குறைத்தது. புதிய தட்டு செய்யப் பழைய தட்டுகளை மக்களிடமிருந்து திரட்டி நொறுக்கினர். எத்தனையோ பழங்குரல்கள் அங்ஙனம் மாவாயின. 1943 முதல் அமெரிக்கப் படைவீரர்க்கு அனுப்பிய இசைத்தட்டுகள், கீழே விழுந்தாலும் உடையாத செயற்கைப் பிசினில் அழுத்தப்பட்டன. அப்பிசினே வினைல்.

வினைலில் கல்மாவு தேவையில்லை. ஆகவே இரைச்சல் குறைந்தது. வரியையும் நுண்ணியதாக வெட்ட முடிந்தது. 1948-ஆம் ஆண்டு ஜூனில் அமெரிக்கக் கொலம்பியா கம்பெனி, நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சொச்சம் முறை, அஃதாவது மூன்று நிமிடத்துக்கு 100 முறை சுழலும் நீண்டநேரத் தட்டை வெளியிட்டது. அதன் பள்ளம் பழைய பள்ளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அகலம். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாடலாம். அவ்வரியைப் பிரித்து நீட்டினால் சற்றேறக்குறைய 450 மீட்டர் வரும். 1949-ஆம் ஆண்டில் 45 சுழற்சிச் சிறுதட்டு வந்தது.

இந்தியாவில் மாற்றம் மெல்லவே நிகழ்ந்தது. சாவி கொடுத்துச் சுழற்றும் பெட்டிகளே பெரும்பாலான இல்லங்களில் இருந்தமையால், மேல்நாடுகள் கைவிட்ட பின்னரும் 78 சுழற்சித் தட்டு இங்கே தொடர்ந்தது. 1960-களில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் பாடல்கள்கூட இந்தியாவில் 78 சுழற்சித் தட்டுகளாக வெளிவந்தன. இன்று உலகெங்கும் சேகரிப்போர் அவற்றைத் தேடி அலைகின்றனர். அதே காலத்தில் நீண்டநேரத் தட்டும் வேரூன்றிற்று. 1963-ஆம் ஆண்டில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் அத்தகைய தட்டாக வெளிவந்து இல்லந்தோறும் விடியலின் ஒலியாயிற்று. மூன்று நிமிடத் தளையிலிருந்து கருநாடக இசை விடுபட்டது.

இன்றைய தொழிற்சாலையில்

பொருள் மாறினும், மூலத்திலிருந்து தாய், தாயிலிருந்து அச்சு என்னும் முறை மாறவில்லை. மெழுகுக்குப் பதிலாக, அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோ செல்லுலோஸ் என்னும் மெருகுப் பூச்சு ஏற்றிய தட்டு இன்று வழங்குகிறது. இதைக் கடைசல் யந்திரத்தில் வைத்து, சூடேற்றிய நீலக்கல் அல்லது கெம்புக்கல் ஊசியால் வெட்டுவர். வெட்டும்போது சுருண்டெழும் மயிரிழை போன்ற சீவலை ஒரு குழாய் உறிஞ்சிக்கொள்ளும். உரத்த ஒலிக்கு வரி அகன்று அசையும். ஆதலின் அடுத்த வரியோடு முட்டாதவாறு இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் செல்ல வேண்டும். வெட்டுபவர் நுண்ணோக்கியால் வரிகளைப் பார்த்துச் சரிகாண்பார். வெட்டுவோரின் திறத்தைப் பொறுத்தே தட்டின் தரம் அமையும்.

பின்னர் அத்தட்டைக் கழுவி, வெள்ளீய உப்புக் கரைசலால் பக்குவப்படுத்தி, வெள்ளியை மெல்லிய படலமாகத் தெளிப்பர். முன்னாளில் கிராபைட்டு செய்த வேலையை இன்று வெள்ளி செய்கிறது. அடுத்து நிக்கல் தொட்டி. நிக்கல் கெட்டியானபின் இரண்டையும் பிரிக்கும்போது மெருகுப் பூச்சு உரிந்து கெடும். மூலம் மீண்டும் ஒருமுறை பலியாகிறது. தந்தை, தாய், அச்சுத் தகடு என்னும் பரம்பரை நிக்கலில் தொடர்கிறது. அச்சுத் தகட்டின் நடுத்துளை மிகச் சரியாக அமைய வேண்டும். மயிரிழை விலகினாலும் தட்டு சுழலும்போது சுருதி ஏறியிறங்கிச் செவியை உறுத்தும். நம் இசையில் அதைப் பொறுக்க முடியுமா?

வினைல் சிறு மணிகளாக வரும். அது பி.வி.சி. என்னும் நெகிழிப் பொருளின் வகை. இயல்பில் அதற்குக் கருமை இல்லை; கரித்தூள் சேர்ப்பதால் கறுக்கிறது. யந்திரம் அம்மணிகளை உருக்கித் திரட்டிக் கொழுக்கட்டை அளவில் ஓர் உருண்டையாகத் தரும். அதன் மேலும் கீழும் லேபிள்கள். அவற்றை ஒட்டப் பசை இல்லை. உருகிய வினைலே பற்றிக்கொள்கிறது. ஆனால் தாளில் ஈரம் இருந்தால் சூட்டில் ஆவியாகிக் கொப்புளம் எழுப்பும். ஆகவே லேபிள்களை முன்கூட்டியே அடுப்பில் உலர்த்துவர். ஏறத்தாழ 100 டன் விசையில் யந்திரம் அழுத்துகிறது. அச்சுக்குப் பின்னுள்ள குழாய்களில் முதலில் நீராவியும், உடனே குளிர்நீரும் பாயும். அரை நிமிட அளவில் ஒரு தட்டு வெளிவந்துவிடும். பிதுங்கிய விளிம்பை வெட்டி, வளையாதிருக்கத் தட்டையான உலோகத் தகடுகளுக்கிடையே அடுக்கி ஆறவிடுவர்.

விரைவு மிகுந்தால் குற்றம் மிகும். சூடு போதாவிடில் உருகிய பொருள் வரிகளின் அடிவரை நிறையாது; குளிர்ச்சி போதாவிடில் தட்டு வளையும். ஆகவே சில தட்டுகளை முதலில் அழுத்தி, முழுவதும் கேட்டுச் சரிபார்த்த பின்னரே மிகுதி அழுத்தப்படும். ஓர் அச்சுத் தகடு ஆயிரம் தட்டுகள் அளவுக்கு உழைக்கும். பிறகு அது பழைய உலோகம்.

ஆலை ஓய்ந்தபின்

1980-களில் ஒலிநாடா மலிவாக வந்து இந்தியச் சந்தையைக் கைப்பற்றிற்று. அதைத் தொடர்ந்து குறுந்தகடும், பின்னர் கணினியும் வந்தன. டம்டமில் தட்டு அழுத்தும் யந்திரங்கள் ஓய்ந்தன. எனினும் மேல்நாடுகளில் எதிர்பாராத மறுமலர்ச்சி நிகழ்ந்தது. 2020-ஆம் ஆண்டில், 1986-க்குப் பின் முதன்முறையாக, அமெரிக்காவில் வினைல் தட்டின் விற்பனை வருவாய் குறுந்தகட்டின் வருவாயைவிட மிகுந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், கலிபோர்னியாவில் மெருகுப் பூச்சுத் தட்டு செய்துவந்த தொழிற்சாலை ஒன்று தீக்கிரையாயிற்று. அத்தகைய தட்டைச் செய்வோர் உலகில் இருவரே இருந்தனர். எஞ்சியவர் ஜப்பானில் இருந்தார். ஒரு பெருந்தொழில் எத்துணை மெல்லிய கிளையில் அமர்ந்திருக்கிறது என்பதை அன்று பலரும் உணர்ந்தனர். இந்தியாவிலும், பல பத்தாண்டு இடைவெளிக்குப் பின், 2024-ஆம் ஆண்டில் மும்பையில் வினைல் தட்டுகளை அழுத்தும் பணி மீண்டும் தொடங்கியது.

புதிய ஆலை வரலாம். பழைய குரல் அதில் தானாகப் பிறக்காது. மெழுகு சீவப்பட்டது, அச்சு உருக்கப்பட்டது, விற்பனை குன்றிய பாட்டின் தாயும் தாமிரமாகத் திரும்பிற்று. அங்ஙனம் தாயை இழந்த பாட்டு எங்கேயாவது இருக்கிறது என்றால், எவரோ ஒருவர் இல்லத்துப் பரணில் உள்ள தட்டில்தான் இருக்கிறது. இதை உணர்ந்த இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவில், பழைய ஓடியன் தட்டுகளைத் தேடித் திரட்டி, கணினியில் ஏற்றிக் காத்துள்ளனர். தென்னாட்டுப் பதிவுகளும் அவற்றுள் அடங்கும். அத்தட்டுகள் கம்பெனிக் கிடங்கிலிருந்து வந்தவை அல்ல. தனிமனிதர் காத்து வைத்தவை.

ஊரைவிட்டு வந்த தமிழர் பலர் பாத்திரம் பண்டங்களோடு தட்டுகளையும் சுமந்து வந்தனர். தந்தையும் பாட்டனாரும் சேர்த்த அவை இன்று வேற்றூர் வீடுகளில் கேட்பாரற்றுக் கிடக்கலாம். அவற்றைக் குப்பையில் இடுமுன் சிறிது சிந்திக்க வேண்டும். அரக்குத் தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாகாது. நூல்போல் நிமிர்த்தி, வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். சாராயம் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்கலாகாது, அரக்கு கரைந்துவிடும். பழைய எஃகு ஊசியை வினைல் தட்டில் வைப்பதும், வினைல் ஊசியை அரக்குத் தட்டில் வைப்பதும் தவறு. லேபிளில் உள்ள பெயரோடு, லேபிளைச் சுற்றிய வழுவழுப்பான வட்டத்தில் பொறித்துள்ள எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். அது அச்சின் எண். லேபிள் கிழிந்தாலும் பாட்டை அடையாளம் காட்டும். ஒலியைக் கணினியில் பதிந்து, ஒரு படியை ஆவணக் காப்பகத்துக்கு அளித்தால் அது பொதுச்செல்வமாகும்.

காட்டில் அரக்கெடுத்தவர், கல்கத்தாவில் அழுத்தியவர், சென்னையில் பாடியவர் யாவரும் தத்தம் பணியைச் செவ்வனே செய்து முடித்தனர். தொழிற்சாலை தன் மூலங்களைத் தானே உண்டு, படிகளை மட்டும் உலகுக்கு விட்டுச் சென்றது. எஞ்சிய காவல் அப்படிகளைக் கையில் வைத்திருப்பவர்க்கு உரியது. அவர்கள் இன்று காத்தளிக்கும் தட்டு ஒன்று, நாளை ஒரு கலைஞரின் ஒரே குரலாக நிற்கவும் கூடும்.